‘முடிஞ்சுடும் சார்’: முதல்முறை ப்ராஜெக்ட் பொறுப்பேற்பவர்களுக்கு

சென்னையில் ஒரு வேலையைப் பற்றி விசாரித்தால் மூன்று பதில்களில் ஒன்று வரும். “முடிஞ்சுடும் சார்.” “முடிஞ்ச மாதிரிதான் சார்.” “முடிஞ்சுது சார்.” முதலாவது ஆசை. இரண்டாவதைச் சொல்பவரிடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் தலையைச் சொறிவார். மூன்றாவதுதான் செய்தி, அதுவும் நேரில் போய்ப் பார்த்த பிறகு. ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்று தடிமனாக அச்சடித்து விற்கும் விஷயத்தில் முக்கால்வாசி இந்த மூன்றையும் பிரித்தறியும் வித்தைதான் என்பது என் கட்சி.

எனக்கு இதில் இரண்டு வேலை. பகலில் தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் ப்ராஜெக்ட் மேனேஜர். மற்ற நேரத்தில் மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட எங்கள் ஃபிளாட்டின் அசோசியேஷன் செயலாளர். இரண்டாவது பதவி, பொதுக்குழு நடந்தபோது நான் டீ எடுக்கப் போயிருந்ததால் கிடைத்தது. ஆபீஸில் பதினாறு வருடமாகக் கற்றதைவிட, ஃபிளாட்டில் மழைநீர் சேகரிப்பைப் புதுப்பித்த நான்கு மாதத்தில் தெளிவாகக் கற்றேன். அதனால் அந்த வேலையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். நீங்கள் ஓ.எம்.ஆரில் புதிதாக கோஆர்டினேட்டர் ஆகியிருந்தாலும் சரி, பள்ளி ஆண்டுவிழாப் பொறுப்பு தலையில் விழுந்திருந்தாலும் சரி, அடிப்படை ஒன்றுதான்.

எது ப்ராஜெக்ட்?

மாதாமாதம் சம்ப் கழுவுவது ப்ராஜெக்ட் இல்லை, அன்றாட வேலை. போன மாதம் செய்த மாதிரியே இந்த மாதமும் செய்யலாம். புதிதாக ஐந்து உறைகிணறு (சிமெண்ட் வளையங்களை இறக்கிய கிணறு) தோண்டி, மொட்டைமாடித் தண்ணீரையும் தரைத் தண்ணீரையும் அவற்றில் விடுவது ப்ராஜெக்ட். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு, இதே இடத்தில் இதற்கு முன் யாரும் செய்ததில்லை. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்காக அமெரிக்காவில் 1969ல் தொடங்கிய பி.எம்.ஐ. அமைப்பின் விளக்கமும் ஏறக்குறைய இதுதான்: தற்காலிகமானது, தனித்துவமான ஒன்றை உண்டாக்குவது.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், அன்றாட வேலையில் தப்பு செய்தால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். ப்ராஜெக்ட்டில் அடுத்த மாதம் என்பதே இல்லை. அதனால் யோசனையை முன்னாலேயே செய்ய வேண்டும்.

முதல் படி: ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரே ஒரு பக்கம். அதில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: ஏன் செய்கிறோம், என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், எந்தத் தேதிக்குள் எவ்வளவு பணத்தில், கடைசி வார்த்தை யாருடையது.

‘ஏன்’ எங்களுக்குச் சுலபம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003ல். எங்கள் ஃபிளாட்டிலும் அப்போது ஒரு குழி தோண்டி, ஜல்லி கொட்டி, மூடி போட்டார்கள். அதன் பிறகு யாரும் அதைத் திறந்ததாக நினைவில்லை. 2019ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடை வரைக்கும் யாருக்கும் அது உறைக்கவும் இல்லை. அந்த வருடம் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணத்தை மாமிகள் இன்றும் தேதி வாரியாகச் சொல்வார்கள். மழைக்காலத்திலோ அதே கார் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, கேட் வழியாகத் தெருவுக்கு ஓடும்.

‘என்ன செய்வோம்’ என்று எழுதும்போதுதான் கவனம் வேண்டும். முதலில் “மழைநீர் சேகரிப்பை மேம்படுத்துதல்” என்று எழுதியிருந்தேன். பெரிய மனிதர் பேச்சு மாதிரி இருந்தது. நாலாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே இன்ஜினியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். பதில் இல்லை. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: “ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தாலும் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு எங்கள் தண்ணீர் போகக் கூடாது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஆறு குழாய்களும் சம்ப்பிலோ கிணற்றிலோ முடிய வேண்டும்.” இதைப் பார்த்தால் வாட்ச்மேன்கூட முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். உங்கள் ப்ராஜெக்ட்டிலும் முடிவை இப்படி எழுதுங்கள். “பயனாளர் அனுபவத்தைச் சீராக்குதல்” என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. “புது வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்தில் கணக்குத் தொடங்க முடிய வேண்டும்” என்றால் கடிகாரத்தை வைத்துச் சோதிக்கலாம்.

‘என்ன செய்ய மாட்டோம்’ என்ற வரியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்திலேயே விலை உயர்ந்த வரி அதுதான். பெயிண்ட் அடிப்பது இதில் இல்லை, சிசிடிவி இதில் இல்லை, லிஃப்ட் இதில் இல்லை என்று எழுதிப் பொதுக்குழுவில் வாசித்தேன். ஒருவர் முகம் வாடியது. பரவாயில்லை, ஜூனில் வாடிய முகம் செப்டம்பரில் சண்டை போடாது.

‘அப்படியே’ என்ற சொல்

ப்ராஜெக்ட்டைக் கொல்லும் சொல் ஒன்று தமிழில் உண்டு. “அப்படியே.” தோண்டத்தானே போறீங்க, அப்படியே இந்த டைல்ஸையும் மாத்திடலாமே. பிளம்பர் வந்திருக்காரே, அப்படியே எங்க வீட்டுக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்களேன். ஆபீஸிலும் இதே சொல்தான்: அந்த ரிப்போர்ட்ல அப்படியே ஒரு காலம் (column) சேர்த்துடுங்க. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான கோரிக்கை. பத்து சேர்ந்தால் உங்கள் தேதி போய்விடும்.

முடியாது என்று சொல்லத் தேவையில்லை, சொன்னால் உறவு கெடும். நான் சொல்வது ஒரே மாதிரி வாக்கியம்: “தாராளமா செய்யலாம் சார். எட்டு நாள் தள்ளிப்போகும், முப்பத்தைந்தாயிரம் கூடும். எழுதிக் குழுவில் வைக்கட்டுமா?” பத்தில் எட்டுப் பேர் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விடுவார்கள். மீதி இரண்டு பேருக்கு உண்மையிலேயே அது தேவை. அவர்கள் கோரிக்கையைப் பேசி, தேதியையும் பணத்தையும் மாற்றி, சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையின் அளவு, நேரம், பணம் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று பாடத்தில் சொல்வார்கள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று நகரும். எதுவுமே நகராத மாதிரி தெரிந்தால் தரம் சத்தமில்லாமல் குறைகிறது என்று அர்த்தம்: பதினைந்தடிக் கிணறு பன்னிரண்டு அடியில் நின்றிருக்கும், மேலே மூடி போட்டிருப்பதால் யாருக்கும் தெரியாது.

இரண்டாம் படி: யார் யாருக்கு வலிக்கும்?

இந்த வேலையால் யாருக்கு என்ன தொந்தரவு என்று பெயர் பெயராக எழுதுங்கள். அனுமதி தர வேண்டியவர், பணம் தருபவர், வேலை செய்பவர் ஆகியோர் தானாக நினைவுக்கு வருவார்கள். தடுக்கக்கூடியவர்தான் விட்டுப்போவார்.

எங்களுக்கு அப்படி இரண்டு பேர். தரைத்தள வீட்டுப் பாட்டி, தன் ஜன்னலுக்கு நேரே குழி தோண்டினால் வீட்டுக்கு ஆகாது என்றார், அதுவும் ஆடியில் பூமியைத் தொடவே கூடாது என்றார். இன்னொருவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர். மூன்றாவது கிணறு அவர் கார் நிறுத்தும் இடத்தில் வர வேண்டும். பாட்டியிடம் நேரில் போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வேலையை ஆவணிக்குத் தள்ளினேன். உள்ளபடி சொன்னால், உறை ஆர்டர் கொடுக்கவும் மூன்று மேஸ்திரிகளிடம் கொட்டேஷன் வாங்கவும் அந்த நேரம் எப்படியும் தேவைப்பட்டது. வெளிநாட்டுக்காரருக்கு மெயில் போட்டு, பதில் வரும்வரை மூன்றாவது கிணற்றை வரைபடத்தில் பென்சிலால்தான் குறித்திருந்தேன்.

பெரிய அளவில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க, கூவத்தை ஒட்டி ஒரு நடை போய் வாருங்கள். துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009ல் அடிக்கல் நாட்டினார்கள். தூண்கள் ஆற்றின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று 2012ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் வருடக்கணக்கில் மேலே ஒன்றும் இல்லாமல் நின்றன. பிறகு இரட்டை அடுக்காக வடிவத்தை மாற்றி, 5,850 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். யார் பக்கம் நியாயம் என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. கான்கிரீட் ஊற்றிய பிறகு வரும் ‘வேண்டாம்’ என்ன விலை என்பதற்காகச் சொன்னேன்.

மூன்றாம் படி: உடையுங்கள்

“ஐந்து கிணறு” என்பது ஒரு வேலை இல்லை. மேஸ்திரியை உட்காரவைத்து, ஒரு கிணறு எப்படி உருவாகிறது என்று சொல்லச் சொன்னேன். பழைய கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கார்களை எடுக்க வேண்டும். தளத்தை உடைக்க வேண்டும். தோண்ட வேண்டும். மூன்றடி அகல உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்க வேண்டும். ஒரு உறை ஓரடி உயரம், ஆக ஒரு கிணற்றுக்குப் பதினைந்து. மண்ணை வெளியே கொண்டுபோக வேண்டும். மண்! நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. ஐந்து கிணற்று மண்ணை எங்கே கொட்டுவது, டிப்பர் தெருவுக்குள் வருமா, எத்தனை நடை? இதெல்லாம் உடைத்துப் பார்க்கும்போதுதான் தலைகாட்டும். உடைப்பதன் லாபமே மறந்துபோனவை வெளியே வருவதுதான், பட்டியல் அழகாக இருப்பது இரண்டாம்பட்சம்.

எவ்வளவு சிறிதாக உடைப்பது? எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், எண்பது மணி நேரத்துக்கு மிகாமல் என்று ஒரு பழைய கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. நான் வைத்திருக்கும் சோதனை வேறு. “முடிந்ததா?” என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்று வர வேண்டும். “பாதி” என்று பதில் வந்தால் இன்னும் உடையுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் நேராக ஒரு பெயர் எழுதுங்கள். ஒரே ஒரு பெயர். “பிளம்பரும் மேஸ்திரியும்” என்று எழுதினால் பிளம்பர் மேஸ்திரியைக் கைகாட்டுவார், மேஸ்திரி பிளம்பரை.

நான்காம் படி: எத்தனை நாள்?

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், எல்லாம் நல்லபடி நடந்தால் ஆகும் நாளைத்தான் மனிதர்கள் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, நம் மனம் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். திட்டமிடல் மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். சிட்னி ஓபரா ஹவுஸை 1963க்குள், 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிப்பதாக இருந்தார்கள். முடிந்தது 1973ல், செலவு 10 கோடியே 20 இலட்சம். நம்ம மேஸ்திரி எவ்வளவோ தேவலை.

மருந்து எளிது. “எத்தனை நாள் ஆகும்?” என்பதற்குப் பதில் “போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆச்சு?” என்று கேளுங்கள். அப்புறம் மூன்று எண் வாங்குங்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கமாக, எல்லாம் சொதப்பினால். எங்கள் மேஸ்திரி ஐந்து கிணற்றுக்கு 6, 9, 18 என்றார். நடு எண்ணை நாலால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 6, 36, 18 சேர்ந்து 60. ஆறால் வகுத்தால் 10 நாள். 1958 வாக்கில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையிலிருந்து வந்த கணக்கு இது. ஏவுகணைக்குச் சரி, உறைகிணற்றுக்கும் சரி. கணக்கைவிட, “சொதப்பினால் பதினெட்டு ஆகும்னீங்களே, எதனால?” என்ற அடுத்த கேள்விதான் எனக்குப் பிடிக்கும். “பாறை வந்தா, இல்ல டிரெய்னேஜ் லைன் குறுக்கே வந்தா” என்றார். நீங்கள் பயப்பட வேண்டியவற்றின் பட்டியல் அங்கேயே இலவசமாகக் கிடைத்துவிட்டது.

நாள்களைக் காலண்டரில் வைக்கும்போது ஊரையும் பாருங்கள். வெளிநாட்டு சாஃப்ட்வேர் சனி ஞாயிறைத்தான் கழிக்கும். சென்னையில் விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் கழிக்க வேண்டும், அதுவும் முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் சேர்த்து. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திங்கட்கிழமை வருகிறேன் என்றால் எந்தத் திங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸில் வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் டிசம்பர் கடைசி இரண்டு வாரம் எதையும் வெளியிட விடமாட்டார்கள். நமக்கோ அது முடிந்த கையோடு பொங்கல். இரண்டையும் சேர்த்தால் ஒரு மாதம் போச்சு.

ஐந்தாம் படி: எது எதற்குக் காத்திருக்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் வேலையின் எலும்புக்கூடு இது. உறைகளை ஆர்டர் கொடுத்தால் வந்து சேர 10 நாள். அதே நேரத்தில் கார்களுக்கு வேறு இடம் பார்த்து அகற்ற 4 நாள், அதன் பின் பழைய குழாயைத் தேட 2 நாள். உறையும் வந்து, குழாயும் தெரிந்தால்தான் தோண்ட முடியும். அது 10 நாள். பிறகு குழாய் இணைப்பு 3 நாள். இன்னொரு பக்கம், கார்கள் போனதும் கேட் ஓரத்தில் குறுக்கு வாய்க்கால் கட்ட 4 நாள், அதை அளந்து இரும்பு கிரில் மூடி அடிக்க 12 நாள், பொருத்த 1 நாள்.

கூட்டிப் பாருங்கள். உறை வழியாகப் போனால் 10, 10, 3 ஆக 23 நாள். குழாய் தேடும் வழியாகப் போனால் 4, 2, 10, 3 ஆக 19. கிரில் வழியாக 4, 4, 12, 1 ஆக 21. நீளமான பாதை 23 நாள், ஆகவே மொத்த வேலையும் 23 நாளுக்குக் குறையாது. இந்த நீளமான பாதைக்குத்தான் கிரிட்டிகல் பாத் என்று பெயர். 1957 தொடங்கி அமெரிக்க ரசாயன நிறுவனமான டியூபான்ட், ரெமிங்டன் ராண்டுடன் சேர்ந்து இந்த முறையை உருவாக்கியது.

இதில் இரண்டு பாடம். ஒன்று, கார்களை அகற்றுவதில் இரண்டு நாள் தாமதமானால் குடி முழுகாது. உறை ஒரு நாள் தாமதமானால் எல்லாமே ஒரு நாள் தாமதம். ஆனால் அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் நடந்த சண்டை முழுக்கக் கார்களைப் பற்றி. உறை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சத்தம் வரும் இடமும் கவனிக்க வேண்டிய இடமும் பெரும்பாலும் வேறு வேறு. இரண்டாவது, கிரில் பாதைக்கு இரண்டே நாள்தான் இடைவெளி. வெல்டிங் கடைக்காரர் மூன்று நாள் தாமதித்தால், அதுவரை யாரும் பொருட்படுத்தாத கிரில் நம் மொத்தத் தேதியையும் தூக்கிக்கொண்டு போகும். ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஆபீஸில் உறைக்குப் பதில் ‘அக்சஸ்’ என்று போட்டுக்கொள்ளுங்கள். புரோகிராம் எழுத ஆறு பேர் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். சர்வருக்குள் நுழைய அனுமதி மூன்று வாரமாக யாரோ ஒருவருடைய மெயிலில் தூங்கும்.

ஊரறிந்த உதாரணமும் ஒன்று உண்டு. பறக்கும் ரயில் 2007ல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான், வேலை 2008ல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் ஏறக்குறைய 500 மீட்டர் நிலம் வழக்கில் சிக்கியது. மீதிப் பாலம் எல்லாம் எழுந்து நிற்க, பத்து வருடத்துக்கும் மேல் ரயில் போகவில்லை. தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்ற கணக்குக்கு அந்தப் பாலத்தின் மேல் என்ன மதிப்பு?

வரைபடத்துக்கு எக்ஸெல் போதும். இடப்பக்கம் வேலைகள், மேலே தேதிகள், நடுவில் பட்டை பட்டையாக நிறம். இதற்கு கான்ட் சார்ட் என்று பெயர். ஹென்ரி கான்ட் என்ற இன்ஜினியர் நூறு வருடத்துக்கு முன்பு பரப்பியது. விலை உயர்ந்த சாஃப்ட்வேர் வாங்கினால் ப்ராஜெக்ட் நன்றாக நடக்கும் என்று நம்புபவர்கள், புது ஷூ வாங்கினால் நடைப்பயிற்சி வந்துவிடும் என்று நம்புபவர்கள்.

ஆறாம் படி: என்ன கெடலாம்?

மேஸ்திரி சொன்ன பாறையும் டிரெய்னேஜும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மழையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மடிப்பாக்கத்துக்காரருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதனால் கணக்கு செப்டம்பர் நடுவில் முடிந்தாலும், எங்கள் கடைசித் தேதி செப்டம்பர் 30. நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுத ஆசை. ஆனால் சொன்னேன், சொல்ல வேண்டும். மறைத்து வைக்கும் உபரி நாளை எல்லோரும் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு ஆபத்துக்கும் எதிரே, வராமல் இருக்க என்ன செய்வேன், வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். பத்துக்கு மேல் எழுதினால் நீங்களே படிக்க மாட்டீர்கள்.

பாறை பயத்துக்கு ஒரு நல்ல மருந்து கிடைத்தது: ஐந்தையும் ஒரேயடியாகத் தொடங்காமல் ஒரு கிணற்றை முதலில் தோண்டிப் பார்ப்பது. எங்கள் பக்கம் மேலே களிமண். மணல் எத்தனை அடியில் தட்டுப்படும் என்று தோண்டினால்தான் தெரியும். முதல் கிணற்றில் பதின்மூன்றாவது அடியில் மணல் வந்தது, அதன் பிறகுதான் மற்ற நாலுக்கும் ஆழத்தை உறுதி செய்தோம். 2001ல் அமெரிக்காவில் பதினேழு சாஃப்ட்வேர்காரர்கள் கூடி அஜைல் என்று அறிவித்தார்களே, அதன் சாரமும் இதுதான்: சிறிதாகச் செய், காட்டு, கற்றுக்கொள், மறுபடி செய். சாஃப்ட்வேரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிக் காட்டலாம். கல்யாண மண்டபத்தில் அது நடக்காது; முகூர்த்தத்தைப் பகுதி பகுதியாக வெளியிட முடியாது. எந்த வேலையில் எவ்வளவு தெரியாத விஷயம் இருக்கிறது என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: வாரம் ஒருமுறை, ஒரே கேள்வி

திட்டம் போடுவது இரண்டு வாரம். அதன் பின்னால் ஓடுவதுதான் மிச்ச வேலை முழுக்க. இங்கேதான் அந்த மூன்று பதில்கள் வரும்.

“எப்படிப் போகுது?” என்று கேட்காதீர்கள். “நல்லா போகுது சார்” என்றுதான் வரும். “என்ன மிச்சம் இருக்கு?” என்று கேளுங்கள். கிரில் விஷயத்தில் நடந்ததை அப்படியே தருகிறேன். வெல்டிங் கடைக்குப் போன் போட்டேன்.

“கிரில் என்னண்ணே ஆச்சு?”

“முடிஞ்ச மாதிரிதான் சார்.”

“என்ன மிச்சம்?”

“பெயிண்ட்டுதான் சார்.”

“வெல்டிங் எல்லாத்துக்கும் முடிஞ்சுதா?”

கொஞ்சம் மௌனம். “நாலு பீஸ்ல ரெண்டு முடிஞ்சுது சார்.”

“மீதி ரெண்டுக்கு இரும்பு வந்தாச்சா?”

“நாளைக்கு வந்துடும் சார்.”

நாலு கேள்வியில் ‘முடிஞ்ச மாதிரி’ என்பது ‘இரும்பே வரவில்லை’ ஆகிவிட்டது. அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் இரும்பு வாங்க அவரிடம் அட்வான்ஸ் இல்லை, கேட்கத் தயங்கியிருக்கிறார். அன்று மாலையே பணம் அனுப்பினேன், ஒரு நாள்தான் தாமதமானது. இன்னும் நான்கு நாள் கழித்துக் கேட்டிருந்தால் கணக்கு வேறு.

கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரைத் திட்டினால் அடுத்த முறை அது உங்களுக்கு வராது. நீங்களும் மேலே அப்படித்தான் சொல்ல வேண்டும், சீக்கிரமாக. என் முதல் ப்ராஜெக்ட்டில் ஆறு வாரம் வெள்ளிக்கிழமை தோறும் அறிக்கையில், எல்லாம் சரி என்று பச்சை நிறம் போட்டேன். உள்ளே டெஸ்டிங் தொடங்கவே இல்லை. பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழாவது வாரம் சிவப்பு. வாடிக்கையாளர் பக்கத்து அம்மா சத்தம் போடவில்லை. “போன வாரம் பச்சையாக இருந்ததே, ஒரே வாரத்தில் என்ன ஆனது?” என்று மட்டும் கேட்டார். இப்போதும் பச்சை போடும்போது அந்தக் குரல் கேட்கும்.

தாமதமானால் ஆள் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். மூன்றடி அகலக் கிணற்றுக்குள் ஒரே ஆள்தான் இறங்க முடியும். சாஃப்ட்வேரில் இறங்கலாம், ஆனால் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆள் உட்கார வேண்டும், இருவர் வேலையும் கெடும். ஐபிஎம்மில் பெரிய ப்ராஜெக்ட் நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எச்சரித்துவிட்டார்: தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும்.

பேசியதை அன்றே நாலு வரியில் எழுதி அனுப்புங்கள்: என்ன முடிவு, யார், எந்தத் தேதி. வாட்ஸ்ஆப் போதும், ஆனால் குட் மார்னிங் படங்கள் வரும் குழுவில் வேண்டாம். இதற்கென்று தனிக் குழு.

சான்றிதழ் பற்றி

கட்டாயம் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். பி.எம்.ஐ. தரும் பி.எம்.பி. சான்றிதழுக்குப் பட்டம் பெற்றவர் 36 மாதம் ப்ராஜெக்ட் நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். புதியவர்களுக்கு சி.ஏ.பி.எம். இருக்கிறது; அதற்கு அனுபவம் வேண்டாம், 23 மணி நேரப் பயிற்சி போதும். வேலை தேடும்போது பயோடேட்டாவில் உதவும். முதல் வருடத்தில் அந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவிடுவதைவிட, ஆபீஸில் யாரும் விரும்பாத ஒரு சின்ன ப்ராஜெக்ட்டைக் கேட்டு வாங்கி நடத்துங்கள் என்பேன்.

கடைசிப் படி: முடிப்பது

முடிப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். மேஸ்திரிக்குப் பத்து சதவீதப் பணத்தை முதல் மழை வரைக்கும் பிடித்து வைப்பதாக ஜூலையிலேயே பேசி எழுதியிருந்தோம். எந்தக் குழாய் எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று ஒரு படம் வரைந்து மீட்டர் ரூமில் ஒட்டினோம். 2003ல் யாராவது அதைச் செய்திருந்தால் பழைய குழாயைத் தேட எங்களுக்கு இரண்டு நாள் ஆகியிருக்காது. ஆபீஸில் என்றால் பாஸ்வேர்டு யாரிடம், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்ற விவரங்கள்.

கடைசி மூடி செப்டம்பர் 24ஆம் தேதி விழுந்தது. “முடிஞ்சுது சார்” என்றார் மேஸ்திரி. முதல் பக்கத்தில் எழுதிய வரிப்படி இன்னும் முடியவில்லை, மழை வரட்டும் என்றேன். சிரித்தார்.

அக்டோபர் மூன்றாவது வாரம், இரவு ஒன்பதரைக்குப் பிடித்துக்கொண்டது. நானும் வாட்ச்மேன் அண்ணனும் ரயில்வே இன்ஜினியர் சாரும் ஆளுக்கொரு குடையோடு கேட் பக்கம் நின்றோம். நாற்பது நிமிடம் வரை ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பிறகு இடது ஓரமாக மெல்லிய கோடு போல ஒரு ஓட்டம் கேட்டைத் தாண்டியது. இன்ஜினியர் சார் என்னைப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், புங்க மரத்து இலைகள் கிரில்லை அடைத்திருந்தன. வாட்ச்மேன் அண்ணன் ஒரு குச்சியால் வழித்துவிட்டார், ஓட்டம் நின்றது. இன்னும் இருபது நிமிடம் பார்த்துவிட்டு மேலே போனோம்.

காலையில் மேஸ்திரிக்கு மீதிப் பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டு, ப்ராஜெக்ட் எக்ஸெல்லை மூடினேன். புங்க இலை வழிப்பதை வாட்ச்மேன் அண்ணனின் வாராந்திரப் பட்டியலில், சம்ப் கழுவுவதற்குக் கீழே சேர்த்தேன்.